கும்பகோணம் காவிரிக்கரையில் நடைபாதையும் பொழுதுபோக்கிடமும் அமைத்துத் தர வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
காவிரிக் கரையோரத் தெருக்களில் குடியிருப்போர்,
கும்பகோணம் மாநகராட்சி,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தஞ்சாவூர்.

பொருள்: கும்பகோணம் மாநகரில் காவிரிப் படித்துறைகளை இணைத்து மக்கள் நடப்பதற்கான மண் பாதையும், நிழல் மரங்களோடு கூடிய பொழுதுபோக்கிடங்களும் 2028 மகாமகத்துக்கு முன் அமைத்துத் தர வேண்டுவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

வடக்கே காவிரியும் தெற்கே அரசலாறும் ஓட, இரண்டு ஆறுகளுக்கு நடுவில் அமைந்தது எங்கள் ஊர். 2021-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட இவ்வூரில், முதியவர் ஒருவர் வாகனங்களுக்கு ஒதுங்காமல் அரை மணி நேரம் நடப்பதற்கோ, பிள்ளைகள் பயமின்றி ஓடியாடுவதற்கோ, ஒரு குடும்பம் ஆற்றைப் பார்த்தபடி மாலையில் சற்று உட்கார்ந்திருப்பதற்கோ போதிய இடமில்லை. எங்களில் பலர் மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள சாலையில், ஆட்டோக்களுக்கும் இரு சக்கர வாகனங்களுக்கும் நடுவே நடைப்பயிற்சி செய்கிறோம். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் தினமும் நடக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பிய பெண்கள் சிலர், நடக்க இடமில்லாமல் மொட்டை மாடியிலேயே சுற்றி வருகிறார்கள்.

சக்கரப் படித்துறை, பகவத் படித்துறை, டபீர் படித்துறை என்று பெயர் சொல்லி அழைக்கும் துறைகள் எங்களிடம் உள்ளன. ஆயினும் ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குக் கரை வழியாகவே நடந்து செல்ல முடிவதில்லை. தெருவுக்கு ஏறி, கடைவீதி வழியாகச் சுற்றி, மறுபடி இறங்க வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட கரையில் பல இடங்களில் முட்புதர் மண்டியிருக்கிறது. கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்படுகின்றன. சாக்கடை நீர் ஆற்றுக்குள் இறங்குகிறது. ஆடிப்பெருக்கன்று கூடுகிற கூட்டம் மறுநாள் கலைந்த பின், அடுத்த ஆடி வரை கரையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எங்களுக்கு உண்மையான வருத்தம்.

பணியை எப்போது செய்வது என்பதற்கு ஆறே காலம் ஒதுக்கித் தருகிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுவதால், மூடியதற்கும் மறுபடி திறப்பதற்கும் இடைப்பட்ட கோடை மாதங்களில் இங்கே காவிரி பெரும்பாலும் மணலாகவே கிடக்கிறது. எல்லை அளப்பது, இடிபாடுகளை அள்ளுவது, சிதைந்த படிகளைச் செப்பனிடுவது, கரையைச் சீராக்குவது ஆகிய அனைத்தையும் அந்த மாதங்களில் முடிக்கலாம். பெருவெள்ளக் காலத்தில் உபரி நீரின் பெரும்பகுதி முக்கொம்பிலும் கல்லணையிலும் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படுவதால், கொள்ளிடக் கரை சந்திக்கும் வெள்ளத்தை எங்கள் கரை சந்திப்பதில்லை. இருப்பினும் பாதை, ஆறு நிறைந்தோடும்போது நீர் நிற்கும் மட்டத்துக்கு மேலேயே அமைய வேண்டும். அந்த மட்டத்தை நீர்வளத் துறையின் பொறியாளர்கள் குறித்துத் தர வேண்டும்.

எப்படி அமைப்பது என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. மதுரையில் வைகையின் கரைகளில் சுவர் எழுப்பிச் சாலை போட்டதில் வாகனங்களுக்கு வழி கிடைத்தது. ஆற்றுக்கும் மனிதருக்கும் நடுவே சுவர் நின்றுவிட்டது. கும்பகோணத்தில் அப்படி நேரக் கூடாது என்று வேண்டுகிறோம். ஆற்றின் அகலத்தில் ஓர் அடி கூடக் குறைக்காமல், சிமெண்ட் தளத்துக்குப் பதில் கிராவல் மண் இறுக்கிய பாதையாக, இரு சக்கர வாகனம் நுழையாதபடி முனைகளில் தடுப்புக் கல் நட்டு, சக்கர நாற்காலி செல்லும்படி சாய்தளத்தோடு அமைக்க வேண்டும். காவிரிக் கரைக்கே உரிய நீர்மருது, புங்கு, நாவல், இலுப்பை ஆகிய மரங்களை நட்டால், சில ஆண்டுகளில் நிழலும் கிடைக்கும், கரை மண்ணும் பிடித்து நிற்கும். அகலமான இடங்களில் பிள்ளைகள் விளையாடும் திடலும், கல் திண்ணைகளும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும், இரவு விளக்குகளும் தேவை. படித்துறைகளில் ஆழம் காட்டும் பலகையும் பிடித்திறங்கச் சங்கிலியும் கட்டாயம் வேண்டும்; புதிதாகத் தண்ணீர் வரும் நாட்களில் இறங்கும் சிறுவர்களை நினைத்துக் கேட்கிறோம். திதி கொடுப்போருக்குத் தனி இடமும், அவர்கள் விட்டுச் செல்லும் துணிகளையும் மண்பானைகளையும் சேர்த்து அகற்றத் தொட்டிகளும் இருந்தால், அவர்கள் வழக்கமும் தடைபடாது, ஆறும் கெடாது.

ஆற்றுப் புறம்போக்கில் வேறு போக்கிடமின்றிக் குடிசை போட்டிருக்கும் குடும்பங்கள் இருப்பின், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் மூலம் பிள்ளைகளின் பள்ளிக்கு அருகிலேயே வீடு கொடுத்த பிறகே அவர்களை இடம் மாற்ற வேண்டும். எங்கள் நடைபாதைக்காக ஒருவர் வீடிழப்பதை நாங்கள் விரும்பவில்லை.

2016 பிப்ரவரியில் நடந்த மகாமகத்துக்கு அடுத்தது 2028-இல் வருகிறது. வைணவக் கோயில்களின் தீர்த்தவாரி காவிரியின் சக்கரப் படித்துறையில்தான் நடைபெறும் என்பதால், மகாமகப் பணிகளுக்கான நிதியிலேயே இக்கரையையும் சேர்ப்பது பொருத்தமாகும். ஆனால் விழாவுக்கென்று போடும் தற்காலிக வேலையாக அது முடிந்துவிடாமல், ஊரார் ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் பாதையாக நிலைக்க வேண்டும். 1854-இல் தொடங்கப்பட்டதும் கணித மேதை இராமானுஜன் பயின்றதுமான அரசு ஆடவர் கலைக் கல்லூரி காவிரிக் கரையிலேயே உள்ளது. அதன் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடம் மரங்களைப் பராமரிக்கும் பொறுப்பைத் தரலாம். தெருவுக்கு இருவர் வீதம் கண்காணிக்க நாங்களும் முன்வருகிறோம்.

கரை நீர்வளத் துறைக்கும், தெருவும் சாக்கடையும் மாநகராட்சிக்கும், கோயில் சார்ந்த படித்துறைகள் இந்து சமய அறநிலையத் துறைக்கும் உரியவையாதலால், எங்கு மனுக் கொடுத்தாலும் அடுத்த அலுவலகத்தையே காட்டுகிறார்கள். எனவே இம்மூன்று துறைகளின் அலுவலர்களையும் நில அளவையரையும் தாங்கள் ஒருங்கே அழைத்து, வரும் கோடையில் தண்ணீர் இல்லாத நாளில் கரையைக் கூட்டாய்வு செய்து, எல்லைக் கற்கள் நட்டு, திட்ட மதிப்பீடு தயாரிக்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அன்று எங்கள் தெருக்களைச் சேர்ந்தவர்கள் உடன் நடந்து வந்து இடங்களைக் காட்டுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காவிரிக் கரையோரத் தெருக்களில் குடியிருப்போர்,
கும்பகோணம்.

இணைப்பு: குடியிருப்போர் கையொப்பப் பட்டியல், கரையின் தற்போதைய நிலையைக் காட்டும் புகைப்படங்கள்.