காரைக்குடிப் பட்டறைக்கும் செம்மண் காட்டுக்கும் நன்றி

அன்புடையீர்,

இலங்கையின் வடக்கில் உள்ள ஊர் திரும்பக் காத்திருக்கும் அகதி முகாம் உறவுகளுக்கு, மிதிவெடி அகற்றும் இயந்திரம் எதைச் செய்யும், எங்கே தவறும் என்பதைக் கண்ணெதிரே காட்ட நினைத்தோம். கைகொடுத்தவர்கள் பலர்.

முதல் வணக்கம் லேத் பட்டறைக்காரர்களுக்கு. ட்ராக்டரில் பூட்டிய உருளை, அதில் சங்கிலிகள், சங்கிலி நுனியில் இரும்புக் குண்டு. உருளை சுழலும்போது குண்டுகள் மண்ணை அடித்து, புதைந்திருக்கும் வெடியை நொறுக்கும். சங்கிலிகளை ஒரே வரிசையில் பற்றவைத்தால் உருளை குலுங்கும். திருகாணி மரைபோல் சுற்றி வைத்துத் தந்தீர்கள். அதனால்தான் ஓடியது.

சீமைக்கருவேலங்காட்டைத் திறந்துவிட்ட பெரியவருக்கு அடுத்த நன்றி. வன்னியிலும் முதலில் வழி மறிப்பது புதர்தான். புதரை நொறுக்கி நிலத்தைத் திறந்து கொடுப்பதே இயந்திரம் செய்யும் பேருதவி.

மிதிவெடிகளுக்குப் பதிலாக, வெடிமருந்தில்லாத 24 மரத்தட்டுகளைப் புதைத்தோம். குண்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்க, பாதைக்குக் குறுக்கே ஹார்டுபோர்டு அட்டைகளைச் செங்குத்தாக மண்ணில் இறக்கினோம். பிறகு தோண்டி எடுத்தபோது அட்டையின் மேல்விளிம்பு பல் பல்லாக அரிந்திருந்தது. நடுவே அரியாத மேடு நின்ற இடத்தில் குண்டு மண்ணைத் தொடவேயில்லை. ஓட்டியவர் வேகமாகப் போயிருக்க வேண்டும், அல்லது அங்கே பள்ளம். செம்புராங்கல் தலைகாட்டிய இடங்களில் குண்டு துள்ளியது. வடக்கிலங்கையின் முகமாலை மணலில் துள்ளாது. ஆனால் இளகிய மண்ணில் வெடி உடையாமல் நகர்ந்துவிடக்கூடும்.

தட்டுகளில் 19 நொறுங்கின. 3 அரைகுறை. 2 பாதைக்கு வெளியே போய்க் கிடந்தன. அரைகுறையாக உடைந்த வெடியில் வெடிப்பி (வெடியைத் தூண்டும் பகுதி) உயிரோடிருக்கக்கூடும் என்பதால் இந்த ஐந்துதான் எங்களுக்குப் பெரிய கணக்கு. இயந்திரம் போன தடத்தையும் அதன் ஓரங்களையும் ஆட்கள் மறுபடி தேட வேண்டும். எழுத்தில் ஒப்படைக்கும்வரை அந்த நிலத்தில் விறகு பொறுக்கவும் இறங்காதீர்கள்.

மண்டியிட்டு அங்குலம் அங்குலமாகக் கிளறிக் காட்டிய முகாம் சகோதரிகளே, வடக்கில் இந்த வேலையைச் செய்பவர்களில் பெண்கள் ஏராளம். அட்டைகளை வைத்து விளக்குவதற்குத் தன் வீட்டுப் பட்டாலைக் கூடத்தைத் திறந்து, அத்தனை பேருக்கும் சோறு போட்ட ஆச்சிக்கு எப்படி நன்றி சொல்வது!

கடைசியாகப் பட்டறைத் தம்பிக்கு. ஓட்டத்தில் ஒரு குண்டு அறுந்து மண்ணுக்குள் போனது. அசல் களத்தில் அப்படி ஒரு இரும்புத் துண்டு கிடந்தால் உலோகம் தேடும் கருவி அதற்கும் கத்தும், தேடுபவர் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து தோண்ட வேண்டும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் குண்டுகளை எண்ணி, குறைந்த ஒன்றை இருட்டும்வரை தேடி எடுத்துத் தந்தாய் தம்பி.

நன்றியுடன்,
செயல்விளக்கக் குழுவினர்