துரியாவைத் தேடிப் போனவர்களுக்கு ஒரு நன்றி

அபிலாஷ் டோமியைப் பாராட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். மாதேய் என்ற பாய்மரப் படகில் மும்பையிலிருந்து தன்னந்தனியாகக் கிளம்பி, எந்தக் கரையையும் தொடாமல் 151 நாளில் உலகைச் சுற்றி வந்த கடற்படைக்காரர். அதற்குத்தான் கீர்த்தி சக்ரா, போர் இல்லாத காலத்து வீரத்துக்குத் தருவது. இந்த மடல் அவருக்கு இல்லை, 2018 செப்டம்பரில் அவரைத் தேடிப் போன உங்களுக்கு, ரொம்பத் தாமதமாக.

தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றுகிற கோல்டன் குளோப் பந்தயத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தள்ளி, அவருடைய துரியா படகு புயலில் புரண்டு பாய்மரம் முறிந்துவிட்டது. முதுகில் பலத்த அடி, எழுந்திருக்க முடியவில்லை என்று சேதி வந்தது. கையில் எட்டிய ஐஸ் டீயைக் குடித்தால் அதுவும் வாந்தி. அப்படியே மூன்று நாள்.

முதல் நன்றி எங்கள் ஊர்க் கடற்படை விமானத் தளமான ராஜாளிக்கு. மொரிஷியஸிலிருந்து பறந்து போய்த் துரியாவைக் கண்டுபிடித்த பி-8ஐ ரோந்து விமானம், எங்கள் அரக்கோணத்து மொட்டை மாடிக்கு மேலே போகிற அதே சாம்பல் நிற விமானம்தான். தூளியில் இருக்கிற பிள்ளை எழுந்துவிடும் என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறோம், மன்னிக்கவும்.

அப்புறம் கிரெகர் மெகக்கின். அயர்லாந்துக்காரர், அதே பந்தயத்தில் போட்டியாளர், அதே புயலில் அவருடைய பாய்மரமும் போய்விட்டது. மிச்சமிருந்ததை வைத்து ஒரு குட்டிப் பாய்மரம் கட்டிக்கொண்டு, நாம் என்றால் கரை எந்தப் பக்கம் என்று பார்த்திருப்போம், இவர் அபிலாஷ் கிடந்த திசைக்குப் படகைத் திருப்பினார். இதை நினைத்தால் இன்னும் எனக்குப் பேச்சு வருவதில்லை.

கான்பெராவில் இருந்து தேடலை ஒருங்கிணைத்தவர்களுக்கும், அந்த அலையில் ரப்பர் படகை இறக்கி அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிய ஒசிரிஸ் கப்பல்காரர்களுக்கும் (கள்ளத்தனமாக மீன் பிடிப்பவர்களைப் பிடிக்கிற பிரெஞ்சுக் கப்பல் அது, மெகக்கினையும் அவர்களே ஏற்றிக்கொண்டார்கள்), இந்தியப் பெருங்கடலில் இருக்கிற ஆம்ஸ்டர்டாம் தீவில் கவனித்துக்கொண்டவர்களுக்கும், அங்கிருந்து விசாகப்பட்டினம் கொண்டுவந்து சேர்த்த நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். சத்புராவுக்கும் நன்றி.

நீங்கள் தூக்கி வந்த ஆள், முதுகில் டைட்டானியம் கம்பியோடு 2022-ல் மறுபடி அதே பந்தயத்துக்குப் போனார். 236 நாள் கழித்து, 2023 ஏப்ரலில், இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். உங்களுக்கும் செய்தி வந்திருக்கும், எதற்கும் சொல்லி வைக்கிறேன்.