பாராசூட்டைக் கொடுக்காதது யார்?

ஆசிரியருக்கு,

முதல் உலகப் போரின் விமான வீரர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஜெர்மன் விமானி ரிக்தோஃபன் 80 விமானங்களை வீழ்த்தினார் என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி போட்டிருந்தீர்கள். சரி, அந்த விமானங்களில் இருந்தவர்கள் ஏன் அவ்வளவு சுலபமாக மாட்டிக்கொண்டார்கள்? கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை.

1917 ஏப்ரலில் பிரான்சில் நடந்த அராஸ் சண்டையின்போது பிரிட்டிஷ் விமானப் படை 245 விமானங்களை இழந்தது. புதிதாக வந்த விமானி சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன் சராசரியாகப் பதினேழரை மணி நேரம் பறந்தால் அதிகம் என்ற நிலை. ஜெர்மானியர்களின் திறமை இதில் பாதிக் காரணம்தான். வேவு பார்க்கவும் படமெடுக்கவும் அனுப்பிய பி.இ.2 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் போகும். துப்பாக்கி வைத்திருப்பவருக்கு முன் இருக்கை. சுற்றிலும் இறக்கை, இழுத்துக் கட்டிய கம்பிகள், முதுகுக்குப் பின்னால் விமானியின் தலை. எதிரி வருவதோ பின்னாலிருந்து. அவர் எங்கே சுடுவார்?

பயிற்சியும் அதே லட்சணம்தான். சோப்வித் கேமல் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தில் சண்டையில் இறந்தவர்கள் 413 பேர், சண்டை இல்லாமலே விபத்து போன்றவற்றில் இறந்தவர்கள் 385 பேர் என்று ஒரு கணக்கு உண்டு. ஸ்மித்-பேரி என்ற அதிகாரி 1917இல் இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் பள்ளி தொடங்கி, ஆசிரியரும் மாணவரும் குழாய் வழியாகப் பேசிக்கொண்டே பறக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. எங்கள் தாம்பரத்தில் விமானப் பயிற்றுநர்களுக்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது; அதன் மூலத்தைத் தேடிப் போனால் கோஸ்போர்ட்டில்தான் போய் நிற்க வேண்டும்.

எனக்குப் பொறுக்காதது பாராசூட் விஷயம். பலூனில் ஏறி வேவு பார்த்தவர்களுக்கு அது கிடைத்தது. பிரிட்டிஷ் விமானிகளுக்குக் கொடுக்கவில்லை. கனம், இடமில்லை என்றார்கள். கையில் இருந்தால் விமானத்தை விட்டுக் குதித்துவிடுவார்கள் என்ற சந்தேகமும் மேலிடத்தில் இருந்தது. ஜெர்மானியர்கள் 1918இல் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த ஜூன் கடைசியில் எர்ன்ஸ்ட் உடெட் என்ற ஜெர்மன் விமானி குதித்தார். பாராசூட் வாலில் சிக்கி, தரையை நெருங்கும்போது விடுபட்டு, பிழைத்தார்.

அடுத்த மாதம், ஜூலை 22ஆம் தேதி, கல்கத்தாவில் பிறந்து பிரிட்டிஷ் விமானப் படையில் பறந்த இந்திரலால் ராயின் விமானம் வானிலேயே தீப்பிடித்து விழுந்தது. வயது 19. அதற்கு முன் 13 நாட்களுக்குள் அவர் கணக்கில் 10 வெற்றிகள். அவரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி வந்தது, அதுவும் அந்தப் பத்தைச் சொல்வதற்காக. குதிக்க அவரிடம் ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்திருக்கலாம்.

அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் பம்பாயைச் சேர்ந்த விமானி ஸ்ரீகிருஷ்ண வெலிங்கரையும் சேருங்கள். 1918 ஜூனில் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தவர். வெற்றிப் பட்டியலில் பெயர் இல்லாததால் அவரை யாரும் எழுதுவதில்லை.

— ஒரு வாசகர், தாம்பரம்