கிட்டிய மதிப்பு: சூத்திரம் கடைசியில் வரட்டும்

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் கணிதப் பணித்தியத் (பாடக்குழு) தலைவர்களுக்கும் படிநிலை ஒன்றின் (ஆண்டு 1 முதல் 3 வரை) கணித ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஓர் எண்ணை அதற்கு மிக அருகிலுள்ள பத்துக்கோ நூறுக்கோ ஆயிரத்துக்கோ மாற்றுவதே கிட்டிய மதிப்பு. ஆண்டு 1-இல் கிட்டிய பத்து, ஆண்டு 2-இல் கிட்டிய நூறு, ஆண்டு 3-இல் கிட்டிய ஆயிரம் என்று பாடத்திட்டம் படிப்படியாகத்தான் போகிறது. வகுப்பிலோ முதல் நாளே வெண்பலகையில் ஏறிவிடுகிறது சூத்திரம்: ‘ஐந்தும் அதற்கு மேலும் என்றால் ஒன்று கூட்டு, ஐந்துக்குக் கீழ் என்றால் குறை.’ பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், பயிற்சித்தாளிலும் பெரும்பாலும் சரி விழுகிறது, பாடம் முடிந்தது என்று அடுத்த பக்கம் புரட்டுகிறோம். ஆனால் விஷயமே மிச்சமிருக்கும் தப்பான விடைகளில்தான் இருக்கிறது. சூத்திரத்தைக் கடைசிப் பாடவேளைக்குத் தள்ளி வையுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

43-க்கு 30 என்று எழுதும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று திட்டுவதில் நியாயமில்லை. ‘குறை’ என்றோம், நான்கிலிருந்து ஒன்றைக் குறைத்துவிட்டான். 38-க்கு 48 எழுதுபவள் பத்தைக் கூட்டினாள், எட்டை என்ன செய்வது என்று யாரும் அவளுக்குக் காட்டவில்லை. 60-க்கு 70 எழுதுகிறவனுக்கோ ஏதாவது மாற்றியே ஆகவேண்டும் என்ற எண்ணம். 4-க்கு 10 எழுதுவோரும் உண்டு, பூஜ்யமும் ஒரு விடையாக இருக்கலாம் என்று தோன்றுவதில்லை. மேல் வகுப்பில் இதே சூத்திரம் இன்னும் விபரீதமாகிறது. 3964-ஐக் கிட்டிய நூறுக்கு மாற்றச் சொன்னால், ஒன்பதோடு ஒன்றைக் கூட்டிப் பத்து என்று எழுதி, மூன்றையும் இரண்டு பூஜ்யங்களையும் இருபுறம் ஒட்டி 31000 ஆக்கிவிடுகிறார்கள். நாலாயிரத்தை ஒட்டிய எண் முப்பத்தோராயிரமாக நிற்பது அவர்கள் கண்ணை உறுத்துவதே இல்லை.

இதைவிட நுட்பமான பிழை 347-இல் வரும். கிட்டிய நூறு கேட்டால், முதலில் 350 ஆக்கி, பிறகு 400 ஆக்குகிறார்கள். ஒவ்வொரு அடியும் சூத்திரப்படி சரி, விடை தவறு. 347-இலிருந்து 300-க்கு 47 தூரம், 400-க்கு 53 தூரம். தூரத்தைப் பார்த்துப் பழகாத பிள்ளைக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வழியே இல்லை.

ஆகவே கயிற்றிலிருந்து தொடங்குங்கள். நான்கு மீட்டர் நைலான் கயிறு, 11 துணிக் கவ்விகள், 30 முதல் 40 வரை எழுதிய 11 மணிலா அட்டைகள் போதும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே 30 சென்டிமீட்டர் அளவுகோலின் முழு நீளம் இருக்கட்டும். 10 இடைவெளிகளுக்கு மூன்று மீட்டர் போக, மிச்சம் இரு முனைகளையும் ஜன்னல் கம்பியில் கட்ட உதவும். இடைவெளி ஏறுக்குமாறாக இருந்தால் மொத்தப் பாடமும் பாழ், கண் மட்டத்தில் தொங்கவிட முடியாவிட்டால்கூடப் பரவாயில்லை, அளவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரு முனை அட்டைகள் ஒரு நிறம், 35 வேறு நிறம்.

முதல் பாடவேளையில் மாற்றும் வேலையே வேண்டாம். ஒரே கேள்விதான்: 38 எந்த இரு பத்துகளுக்கு நடுவில்? 72? 91? 6? கடைசி எண்ணுக்குப் பூஜ்யமும் பத்தும் என்று வாய் தயங்காமல் வரும்வரை நகர வேண்டாம். 97-க்கு மேல்பக்கப் பத்து 100 என்பதும் இங்கேயே தெளிந்துவிட வேண்டும்.

அடுத்தது தூரம். 38-இலிருந்து 40-க்கு எத்தனை தாவல்? பாதிப் பேர் மூன்று என்பார்கள், ஏனென்றால் 38, 39, 40 என்று அட்டைகளை எண்ணுகிறார்கள். விரலை 38-இல் வைத்து, விரல் நகரும்போது மட்டும் ஒன்று, இரண்டு என்று சொல்ல வையுங்கள். 30-க்கு எட்டுத் தாவல், 40-க்கு இரண்டு. கிட்டியது எது என்று பிள்ளையே சொல்லும்.

பிறகு 35. இரு பக்கமும் ஐந்து தாவல். இங்கே காரணம் தேடி இல்லாத தத்துவம் சொல்ல வேண்டாம். நடுவில் நின்றால் மேலே போவது என்று பள்ளிக் கணக்கில் ஒரு முடிவு வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். இத்தனைக்கும் பிறகு சூத்திரம் வந்தால், பிள்ளைகள் அதைத் தாங்களே கண்டதுபோல் சொல்வார்கள். அப்போதும் ‘குறை’ என்பதை எடுத்துவிட்டு, ‘பத்தின் இலக்கம் அப்படியே இருக்கும், ஒன்றின் இலக்கம் பூஜ்யமாகும்’ என்று சொல்லுங்கள்.

சூத்திரம் மட்டும் தெரிந்த பிள்ளை பட்டணத்துப் பேரங்காடி ரசீதைப் பார்த்தால் குழம்பிப் போகும். 2008 ஏப்ரல் 1 முதல் நம் மலேசியாவில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகை கிட்டிய ஐந்து சென்னுக்கு மாற்றப்படுகிறது. 7 ரிங்கிட் 43 சென் என்றால் கட்டுவது 7 ரிங்கிட் 45 சென். 42 சென் என்றால் 40. மூன்றுக்கே மேலே போகிறதே என்று கேட்கும் பிள்ளைக்குச் சூத்திரத்தில் பதில் இல்லை. கயிற்றில் இருக்கிறது: இரு முனைகள் 40-உம் 45-உம், நடு 42-க்கும் 43-க்கும் இடையில். இதை ஆண்டு 1-இல் தொடாதீர்கள், ஆண்டு 3-க்கு அருமையான பாடம்.

எங்கே மாற்றக்கூடாது என்பதையும் ஒரு கணக்கிலாவது காட்டுங்கள். ஒரு வேனில் 10 பேர் அமரலாம், 92 மாணவர்கள் சுற்றுலா போகிறார்கள். கிட்டிய பத்து 90, ஆகவே 9 வேன்கள் என்றால், இரண்டு பேர் பள்ளி வாசலிலேயே நிற்பார்கள். மாறாக, 38 + 27 போன்ற கணக்கைச் செய்யுமுன் 40 + 30 = 70 என்று ஓரத்தில் எழுதப் பழக்கினால், எடுத்துச் செல்ல மறந்து 515 எழுதியவன் தானே அழித்துவிட்டுத் திரும்பப் போடுவான்.

தோட்டத்துச் சிறுபள்ளிகளில் ஆண்டு 1-உம் ஆண்டு 2-உம் ஒரே அறையில் அமர்ந்தாலும் கயிறு ஒன்றே போதும். அட்டைகளின் பின்பக்கத்தில் 300, 310, 320 என 400 வரை எழுதி வையுங்கள். திருப்பினால் அடுத்த வகுப்பின் பாடம்.

பணித்தியத்திடம் கேட்பது: வட்டாரப் பொதுப் பயிற்சித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே 11 கோடுகள் கொண்ட வெற்று எண் கோடு ஒன்றை அச்சிடுங்கள். கேள்விகளில் 4, 60, 97, 347 போன்றவை கட்டாயம் இருக்கட்டும். இருபது நேர்க் கேள்விகளைப் பத்தாகக் குறைத்து, இந்தத் தலைகீழ்க் கேள்வியைச் சேருங்கள்: கிட்டிய பத்துக்கு மாற்றினால் 40 தரும் முழு எண்கள் யாவை? விடை 35 முதல் 44 வரை, பத்து எண்கள். 36-இல் தொடங்கியவனுக்கு நடு எண் மறந்துவிட்டது, 45 வரை போனவன் அதை இரு பக்கமும் சேர்த்துவிட்டான், 40-ஐ விட்டவன் மாறாத எண்ணைக் கணக்கில் எடுக்கவில்லை. யாருக்கு எந்த அட்டையைத் திரும்பக் காட்டவேண்டும் என்பது இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தொடக்கநிலைக் கணிதம் கற்பிப்போர் சிலர்