வெயில் ஏறுமுன் தண்டவாளத்தின் அழுத்தத்தை அளந்துவிடுங்கள்

மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளர் அவர்களுக்கும் பொறியியல் பிரிவு அலுவலர்களுக்கும் வணக்கம்.

அக்கினி நட்சத்திரத்தில் திருநெல்வேலிப் பக்கம் காற்று 39 டிகிரி என்றால், நண்பகலில் தண்டவாளம் 60-ஐ நெருங்கிவிடும். பற்றவைத்த நீளத் தண்டவாளத்துக்கு நீள இடமில்லை. அந்த நீட்சி முழுவதும் அழுத்தமாக உள்ளேயே தங்கும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் டிகிரிக்குச் சுமார் 1.9 டன். இழுப்பும் அழுத்தமும் இல்லாத நடுநிலை வெப்பநிலை 40 என்றால், 60 டிகிரியில் 38 டன். நடுநிலை 30-க்கு இறங்கியிருந்தால் அதே வெயிலில் 57 டன். அழுத்தம் மிகுந்தால் தண்டவாளம் பக்கவாட்டில் நெளிந்துவிடும்; ஆனால் அதுவரை பார்வைக்கு இரண்டுமே நேராகத்தான் கிடக்கும். எங்கள் கவலை அதுதான்.

விரிசலைச் சரிசெய்யும்போது வெட்டியெடுத்ததைவிடச் சற்றே நீளமான துண்டைச் சேர்த்தால் நடுநிலை இறங்கும். ரயில்கள் பிரேக் போடும் இடங்களில் தண்டவாளம் நகர்ந்து, பாலத்துக்கும் கேட்டுக்கும் முன்னால் நெருக்குண்டாலும், வளைவு உட்பக்கம் நகர்ந்தாலும் அப்படியே. பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவது சல்லி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் சல்லி அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதைத் தாங்கள் அறிவீர்கள். அப்படித் தொங்கிய தண்டவாளத்தின் பழைய நடுநிலைக் கணக்கை நம்ப முடியாது. அதைப் புதிதாக அளக்க வேண்டும். புதுச் சல்லியும் மேலே ரயில்கள் ஓடி ஓடித்தான் இறுகும். ஸ்லீப்பர் முனைக்கு வெளியே குவிந்திருக்கும் சல்லி (சல்லித் தோள்) குறைந்திருந்தால் உடனே நிரப்புங்கள்.

தண்டவாளத்தில் மின்சாரம் செலுத்தி சிக்னலை இயக்கும் டிராக் சர்க்யூட் இந்த அழுத்தத்தைக் காட்டாது. தண்டவாளம் உடைந்தால் மின்சாரம் அறும். நெளிந்தால் அறாது, சிக்னல் பச்சையாகவே நிற்கும். ஆகவே அழுத்தத்தையே அளக்க வேண்டும். சுமார் 30 மீட்டருக்கு க்ளிப்களைக் கழற்றி, தண்டவாளத்தைத் தூக்க எவ்வளவு விசை தேவை என்று பார்த்தால் நடுநிலை தெரியும். தண்டவாளம் இழுவிசையில் இருந்தால்தான் கணக்கு வரும் என்பதால் விடியற்காலையே இதற்கு ஏற்ற நேரம். பாலமுகப்பு, வளைவு, வெள்ளம் அரித்த இடங்களில் ஸ்ட்ரெய்ன் கேஜும் (உலோகத்தின் நுண்ணிய நீட்சி, சுருக்கத்தை அளக்கும் கருவி) வெப்ப உணரியும் பொருத்தலாம். ஆனால் ஸ்ட்ரெய்ன் கேஜ் மாற்றத்தை மட்டுமே சொல்லும். தண்டவாளத்தை வெட்டி அழுத்தம் நீக்கும் நாளில் பொருத்தினால்தான் அதன் பூஜ்ஜியம் உண்மையான பூஜ்ஜியம்.

தண்டவாள வெப்பம் பதிவேட்டிலுள்ள நடுநிலை வெப்பநிலைக்கு மேல் 20 டிகிரி கடந்தால் வெயில்கால ரோந்து தொடங்க வேண்டும் என்பது விதி. உண்மையான நடுநிலை 10 டிகிரி இறங்கியிருந்தால், ரோந்தும் 10 டிகிரி தாமதமாகத்தான் கிளம்பும். அளந்த எண்ணை அந்தந்தக் கிலோமீட்டரில் தண்டவாளத்தின் பக்கவாட்டிலேயே பெயிண்டில் எழுதி, தண்டவாளத்தை நடந்தே பார்வையிடும் கீமேன் கையில் தண்டவாள வெப்பமானியும் கொடுங்கள்.