கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வேலை

தக்கலை

அன்புள்ள கமலா,

பேத்தியின் கல்யாண அழைப்பிதழும் உன் கடிதமும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. மாப்பிள்ளை வீடு மாயவரம் என்பதில் எனக்கு இரட்டை மகிழ்ச்சி. நினைத்த நேரத்தில் நீ பஸ் ஏறிப் போய்ப் பெண்ணைப் பார்த்துவிடலாம். இங்கே மழை விடவில்லை, என் முழங்காலும் விடவில்லை. ஆனாலும் கல்யாணத்துக்கு வருவேன்.

முகூர்த்தப் புடவைக்கும் சமையல்காரருக்கும் நடுவே ஒரு வரி எழுதியிருக்கிறாய். இடது கன்னத்தின் உள்ளே வெள்ளையாகத் தடித்திருக்கிறது, பல்செட் உரசியிருக்கும், வலி இல்லை, கல்யாணம் முடியட்டும் என்று. முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக வீடு வீடாக ஏறி இறங்கியவளிடம் இப்படி எழுதிவிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைத்தாயா? நீ புகையிலையை அடக்கிக்கொள்வதும் இடது பக்கம்தானே!

வலி இல்லை என்பதை ஆறுதலாகச் சொல்கிறாய். வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. காதுக்குள் குத்துவது, விழுங்க முடியாமல் போவது, பல் ஆடுவது எல்லாம் பிந்தி வருகிறவை. அதுவரை காத்திருந்து வருகிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம். இந்தியாவில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். வெற்றிலையும் புகையிலையும் போடும் பெண்களும் தப்புவதில்லை.

வெள்ளைத் திட்டு எல்லாமே புற்று இல்லை. பலருக்கு அது அப்படியே நின்றுவிடும். துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளையை மருத்துவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சிவந்த திட்டு என்றால் இன்னும் அவசரம். பல்செட் உரசிய புண்தான் என்றால், பல்செட்டைக் கழற்றி வைத்தால் இரண்டு வாரத்தில் ஆறிவிட வேண்டும். உனக்கு மாசியிலிருந்தே இருக்கிறதாமே.

பரிசோதனை என்றதும் பயந்துவிடாதே. பல்செட்டைக் கழற்றச் சொல்வார்கள். டார்ச் அடித்து, உதடுகளைப் புரட்டி, இரண்டு கன்னங்களின் உட்புறத்தையும் பார்ப்பார்கள். நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரங்களையும் பார்ப்பார்கள். பிறகு நாக்குக்கு அடியில், மேலண்ணத்தில். கடைசியாகத் தாடைக்குக் கீழும் கழுத்திலும் விரலால் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை. எத்தனை விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்கிறது என்றும் பார்ப்பார்கள். பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னம் இறுகி, வாய் திறப்பு குறைந்துகொண்டே போவதுண்டு. மூன்று விரலை அடுக்கி வைத்து நீயே இப்போது பார்த்துக்கொள்.

இந்தச் சின்ன வேலைக்கு எவ்வளவு பலன் என்பதை எங்கள் பக்கத்து ஊரான திருவனந்தபுரத்தில்தான் நிரூபித்தார்கள். 1996இல் 13 பஞ்சாயத்துகளைப் பிரித்துக்கொண்டு, ஒரு பாதியில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். 2005இல் கணக்குப் பார்த்தபோது, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்றால் இறந்தவர்கள் மற்றப் பாதியைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழக்கம் இல்லாதவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆக, உன்னைப் போன்றவர்களுக்குத்தான் இது முதலில் தேவை. தமிழ்நாட்டு அரசும் 2023இல் எங்கள் குமரி மாவட்டத்தையும் சேர்த்து நான்கு மாவட்டங்களில் இதைத் தொடங்கியது. வாயைக் காட்டச் சொன்னால் ஆண்கள் கொல்லைப்புறம் நழுவுவதை நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்!

சதை எடுத்துச் சோதித்தால் பரவிவிடும் என்று யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதே. அந்தப் பேச்சால் மாதக்கணக்கில் ஒளித்து வைத்தவர்கள்தான் கெட்டுப்போனார்கள். சிறியதாக இருக்கும்போது வெட்டி எடுத்துவிட்டால் பலருக்கு அதோடு முடிந்துவிடும். கழுத்து நெறிகளுக்குப் போய்விட்டால் அறுவை, கதிர்வீச்சு, மருந்து என்று நீளும். பேச்சும் சாப்பாடும் மாறிப்போகும்.

கும்பகோணத்துக்காரியிடம் வெற்றிலையைக் குறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று பேரம் பேசாதே. புகையிலை சேராமல் பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முடிவு சொல்லி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அண்ணனுக்குக் குரல் கம்மியிருப்பதையும் எழுதியிருக்கிறாய். பீடி பிடிக்கிறவருக்கு மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இரண்டு பேரும் ஒரே நாளில் போய்விடுங்கள். அங்கே அரசு மருத்துவமனையில் பல் மருத்துவரிடம் உனக்குச் சீட்டு எழுதச் சொல். பத்திரிகை கொடுக்க ஊரெல்லாம் சுற்றுகிறவளுக்கு ஒரு காலைப்பொழுது கிடைக்காதா?

மருத்துவர் சொன்னதை அன்றைக்கே எனக்குப் போனில் சொல். சதை எடுக்க வேண்டும் என்றால் தேதியையும் சொல், முதல் நாள் இரவு ரயிலில் ஏறி வந்துவிடுகிறேன். புடவை அரக்குச் சிவப்பிலேயே எடு, மாம்பழ மஞ்சள் அவள் நிறத்துக்கு எடுக்காது.

அன்புடன்,
ரோஸ்மேரி