செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நம் சங்கம் மேற்கொண்ட பணிகளில் முதன்மையானது, 1959ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சித் தேர்தல் குறித்து நம் பகுதி முதியவர்களின் நினைவுகளைத் திரட்டியதுதான். நூலகம் வழக்கம்போல் இயங்கியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

1957 பொதுத்தேர்தலில்தான் தி.மு.க. முதன்முதலாகக் களம் இறங்கியது. இரண்டே ஆண்டுகளில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்திலேயே, தலைநகரின் மாநகராட்சியில் 100 இடங்களில் 45ஐ அது கைப்பற்றியது. அந்த வெற்றிக்காக அண்ணா பொதுக்கூட்டத்தில் கருணாநிதிக்கு மோதிரம் அணிவித்த செய்தியை இன்றும் பலர் சொல்கிறார்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. அன்று மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாமன்ற உறுப்பினர்கள்தாம் வாக்களித்தனர். 45 பெரும்பான்மை ஆகாது. ஆகவே வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகும் மேயர் யார் என்பது முடிவாகவில்லை. பிற உறுப்பினர்களின் ஆதரவையும் பெற்றாக வேண்டியிருந்தது. அதன் பிறகே அ.பொ. அரசு மேயரானார். ரிப்பன் கட்டடத்தில் தி.மு.க.வின் முதல் மேயர் அவர்.

மேயர் பதவி அன்று ஓராண்டுக்குத்தான். நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் இருந்தது. அதனால் இதைச் சிறிய வெற்றி என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குடிநீர்க் குழாய், சாக்கடை, தெருவிளக்கு என்று வீடுவீடாகப் பேசி வாக்குக் கேட்ட அனுபவம் ஒரு கட்சிக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை, 1967இல் தி.மு.க. மாநில ஆட்சியைப் பிடித்தது காட்டியது.

1973இல் மாமன்றம் கலைக்கப்பட்டபின் 1996 வரை சென்னை மாநகராட்சிக்குத் தேர்தலே இல்லை. ஒரு தலைமுறையே மாமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்காமல் வளர்ந்தது. இதை நினைத்தால் மனம் கொதிக்கிறது. 1996இல் மக்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் மாமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கும் மறைமுகத் தேர்தல் முறையிலேயே மேயர் தேர்வானார். எந்த முறை நல்லது என்பது பற்றி நம் சங்கத்தில் நடந்த விவாதம் நள்ளிரவை நெருங்கியது. இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை.

அக்காலத் துண்டறிக்கைகள், வாக்காளர் சீட்டுகள் எவரிடமேனும் இருந்தால் தந்துதவ வேண்டுகிறேன். படியெடுத்துவிட்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்